மக்காச்சோள வீரிய ஒட்டு: எதோடு எதை ஒப்பிட்டார்கள்?

ஒரு ரகம் நல்லதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. இன்னொரு ரகத்தை அதன் பக்கத்தில் விதைத்து, இரண்டையும் அறுத்து எடை போட்டுப் பார்க்க வேண்டும். எந்த ரகத்தைப் பக்கத்தில் வைப்பது, எந்த மண்ணில் வைப்பது, எவ்வளவு உரம் போடுவது, எதை அளப்பது என்பதையெல்லாம் மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். பயிர் இனப்பெருக்க அறிவியலுக்குள் பணமும் அரசாங்கமும் சந்தையும் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். பொய்க் கணக்கு எழுதத் தேவையே இல்லை. எடை போட்டது சரியாகவே இருக்கும், எடைக்கு வைத்தது எது என்பதில்தான் கதை இருக்கிறது.

இதைப் பார்ப்பதற்கு அமெரிக்க மக்காச்சோளத்தை விடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை, அதாவது வேறுபட்ட பெற்றோர்ச் செடிகளைத் திட்டமிட்டுக் கலந்து எடுக்கும் விதையை, இருபதாம் நூற்றாண்டு வேளாண் அறிவியலின் மாபெரும் வெற்றி என்று ஒரு தரப்பு சொல்லும். விவசாயி ஆண்டுதோறும் விதை வாங்கியே ஆக வேண்டும் என்பதற்காகக் கண்டுபிடித்த வழி என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டு தரப்பிடமும் உண்மையான ஆதாரங்கள் இருக்கின்றன. அந்த ஆதாரங்கள் எந்தச் சூழலில், எந்த ஒப்பீட்டில் இருந்து பிறந்தன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

அழகுக் கதிர்கள்

1900ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க விவசாயிகள் பயிரிட்டதெல்லாம் சாதா ரகங்கள். காற்றில் மகரந்தம் பரவி, ஒரு செடியின் கதிரில் பல செடிகளின் மகரந்தம் விழுந்து விளையும். அறுவடை முடிந்ததும் நல்ல கதிர்களைப் பொறுக்கி அடுத்த பருவத்துக்கு விதையாக வைத்துக்கொள்வார்கள். ரீட் யெல்லோ டென்ட் அந்தக் காலத்தின் புகழ்பெற்ற ரகம்.

நல்ல கதிர் எது என்பதைக் கண்காட்சிகள் தீர்மானித்தன. மாவட்டம்தோறும் கதிர்ப் போட்டி நடந்தது. நடுவர்களிடம் மதிப்பெண் அட்டை இருக்கும். கதிர் உருளையாக இருக்கிறதா, மணி வரிசை நேராக ஓடுகிறதா, நுனியும் அடியும் மணியால் மூடியிருக்கிறதா, மணியெல்லாம் ஒரே அளவா, ஒரே நிறமா என்று பார்த்து மார்க் போடுவார்கள். ஐயோவா மாநில வேளாண் கல்லூரியின் பேராசிரியர் ஹோல்டன் இந்த முறையைப் பரப்புவதற்காக ரயில் பெட்டிகளிலேயே ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. முளைப்புத் திறன் பார்த்து விதைக்கும் பழக்கத்தை விவசாயிகளிடம் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அழகான கதிர் கொடுக்கும் விதை அதிகம் விளையும் என்பதை மட்டும் யாரும் எடை போட்டுப் பார்த்திருக்கவில்லை.

பார்த்தது ஒரு பள்ளிப் பையன். ஹென்றி ஏ. வாலஸ். வேளாண் பத்திரிகை நடத்திய குடும்பம். 1904இல் ஹோல்டன் தரவரிசைப்படுத்திய கதிர்களை வாங்கி, கதிருக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக விதைத்து, தனித்தனியாக அறுத்து எடை போட்டான். அழகில் முதலிடம் பெற்ற கதிரின் விளைச்சல் கடைசி வரிசைகளில் ஒன்றாக வந்தது. கண்ணால் பார்ப்பதை விட்டு எடை போடுவதற்கு மாறியது மக்காச்சோளத்தில் நடந்த முதல் பெரிய திருப்பம். 1920இல் ஐயோவாவில் மாநில அளவிலான மகசூல் போட்டி தொடங்கியபோது அதற்குப் பின்னாலும் வாலஸ் இருந்தார். பையனாக எடை போட்ட அதே ஆள் பிற்பாடு விதைக் கம்பெனி தொடங்குவார், அதற்கும் பிறகு நாட்டின் வேளாண் அமைச்சர் ஆவார். அதற்கு வருகிறேன்.

செடியைக் கெடுத்துச் செய்த ஆராய்ச்சி

அதே காலத்தில் நியூயார்க் பக்கம் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஜார்ஜ் ஷல் என்ற மரபியலாளர் மக்காச்சோளச் செடிகளைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு உட்படுத்திக்கொண்டிருந்தார். விதை வியாபாரம் அவர் எண்ணத்தில் இல்லை. கதிரில் மணி வரிசைகளின் எண்ணிக்கை எப்படித் தலைமுறைக்குத் தலைமுறை கடத்தப்படுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

வேலை இப்படி நடக்கும். கதிரிலிருந்து பட்டு நூல் வெளியே வருவதற்கு முன்பே கதிரை ஒரு பையால் மூட வேண்டும். செடியின் உச்சியில் உள்ள ஆண் பூங்கொத்துக்கும் ஒரு காகிதப் பையை மாட்டிக் கட்ட வேண்டும். நூல் வந்த பிறகு, காலையில் ஆண் பூங்கொத்தைத் தட்டிப் பைக்குள் விழுந்த மகரந்தத் தூளை அதே செடியின் நூலில் தூவி, மறுபடி மூட வேண்டும். இதையே தலைமுறை தலைமுறையாகச் செய்தால் செடி குட்டையாகிறது, கதிர் சிறுக்கிறது, சில வழிகள், அதாவது ஒரு செடியிலிருந்து இப்படி இறங்கி வந்த வம்சங்கள், அழிந்தே போகின்றன. ஆறேழு தலைமுறை கழிந்து பிழைத்து நிற்கும் ஒவ்வொரு வழியும் உள்ளுக்குள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். இவற்றை உட்கலப்பு வழிகள் என்பார்கள். அப்புறம் இரண்டு வேறு வழிகளைக் கலந்தால், பிறக்கும் செடி ஒரே தலைமுறையில் ஆளுயரத்துக்கு மேல் எழும்பும். சில கலப்புகள் ஆரம்பத்தில் எடுத்த சாதா ரகத்தையும் மிஞ்சின.

1908இல் ஷல் இதை எழுதினார். விவசாயியின் வயலில் நிற்கும் ஒவ்வொரு மக்காச்சோளச் செடியும் ஏற்கெனவே ஒரு கலப்பினம்தான், எனவே நல்ல செடியைப் பொறுக்குவதைக் காட்டிலும் நல்ல கலப்பைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுவதே நம் வேலை என்றார். கனெக்டிகட்டில் இதே உட்கலப்பு வேலையைச் செய்துகொண்டிருந்த எட்வர்ட் ஈஸ்ட்டுக்கு இதில் சந்தேகம் இருந்தது. நோஞ்சான் தாய்ச் செடியில் கிடைக்கும் விதை மிகக் கொஞ்சம், அந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

ஈஸ்ட்டின் மாணவர் டொனால்ட் ஜோன்ஸ் 1918இல் வழி கண்டார். நான்கு உட்கலப்பு வழிகளை எடு. இரண்டிரண்டாகக் கலந்து இரண்டு ஒட்டுகள் உண்டாக்கு. அந்த இரண்டையும் மறுபடி கலந்தால் வருவது இரட்டை ஒட்டு. இப்போது விதை காய்ப்பது நோஞ்சான் செடியில் இல்லை, வாட்டசாட்டமான ஒட்டுச் செடியில். விதை மூட்டை மூட்டையாக வந்தது, விலையும் இறங்கியது. பர்-லீமிங் என்ற அவருடைய இரட்டை ஒட்டு 1921 வாக்கில் வெளியானது.

1919இல் ஈஸ்ட்டும் ஜோன்ஸும் சேர்ந்து எழுதிய நூலில் இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னார்கள். புதிய கருவி கண்டுபிடிப்பவனுக்குக் காப்புரிமை கிடைக்கிறது, நாட்டுக்கே பயன்படும் புதிய பயிரை உண்டாக்குபவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஒட்டு முறையில் பெற்றோர் வழிகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கலப்பு விதையை மட்டும் விற்கலாம், எனவே விதை வியாபாரி முதன்முறையாகத் தன் உழைப்பின் முழுப் பயனையும் அடைவான். அன்றைக்கு விதைப் பயிர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. 1930இல் வந்த அமெரிக்கத் தாவரக் காப்புரிமைச் சட்டம்கூடப் பதியம், ஒட்டுக்கட்டு வழியாகப் பெருக்கும் செடிகளுக்கு மட்டும்தான். விதைப் பயிர்களுக்கு 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் தராத பாதுகாப்பை மக்காச்சோளத்தில் செடியின் உயிரியலே தந்தது.

எவ்வளவு பாதுகாப்பு என்பதற்கு மரபியலாளர் சூவல் ரைட் கொடுத்த கணக்கு இருக்கிறது. ஒட்டு விதையின் விளைச்சலிலிருந்தே விதை எடுத்து விதைத்தால், கலப்பின வீரியத்தில், அதாவது கலப்பதால் கிடைத்த கூடுதல் வளர்ச்சியில், ஒரு பங்கு போய்விடும். நான்கு வழிகளால் ஆன இரட்டை ஒட்டில் போவது கால் பங்கு. இரண்டே வழிகளால் ஆன ஒற்றை ஒட்டில் போவது பாதி. 1960களில் அமெரிக்கா இரட்டை ஒட்டிலிருந்து ஒற்றை ஒட்டுக்கு மாறியபோது மகசூல் கூடியது, கூடவே விதையை எடுத்து வைப்பதால் வரும் நட்டமும் இரட்டிப்பானது. ஒரே மாற்றத்தின் இரண்டு விளைவுகள் இவை. மகசூலுக்காக மாறினார்களா, வியாபாரத்துக்காக மாறினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

வயலுக்கு வந்தது எப்படி

மத்திய வேளாண் துறையில் மக்காச்சோளப் பிரிவை நடத்திய ஹார்ட்லி ஒட்டு முறையை நம்பவில்லை. சாதா ரகங்களைப் பொறுக்கிப் பொறுக்கி மேம்படுத்துவதே அவர் வழி. 1921இல் வாலஸின் அப்பா வேளாண் அமைச்சர் ஆனார். 1922இல் ஹார்ட்லியின் இடத்துக்கு ஒட்டு முறையை ஆதரித்த ரிச்சி வந்தார். அதன் பிறகு மாநில ஆராய்ச்சி நிலையங்கள் ஒருங்கிணைந்து உட்கலப்பு வழிகளை உருவாக்கத் தொடங்கின. சாதா ரகங்களை மேம்படுத்தும் வேலை ஏறக்குறைய நின்றுபோனது. 1926இல் மகன் வாலஸ் தொடங்கிய விதைக் கம்பெனிதான் பிற்பாடு பயனியர் ஆனது. 1933இல் அவரே வேளாண் அமைச்சர் ஆனார்.

இதைச் சதி என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாலஸ் தான் எடை போட்டுப் பார்த்ததை உண்மையாகவே நம்பினார். கவனிக்க வேண்டியது வேறு. 1922க்குப் பிறகு நடந்த ஒப்பீடுகளில் ஒரு பக்கம் ஆண்டுதோறும் ஆளும் பணமும் போட்டு மேம்படுத்திய ஒட்டுகள், மறுபக்கம் கவனிப்பாரற்று விடப்பட்ட சாதா ரகங்கள். ஒட்டு ஜெயித்தது, எடை நிஜம். ஆனால் அதே ஆளையும் பணத்தையும் சாதா ரகத்தின் மேல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு அந்த எடையில் பதில் இல்லை.

விவசாயிகள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐயோவாவின் இரண்டு ஊர்ப் பகுதிகளில் 259 விவசாயிகளைப் பற்றிச் சமூகவியலாளர்கள் ரயனும் கிராஸும் செய்த ஆய்வு 1943இல் வெளிவந்தது. விதை விற்பனையாளர் மூலம்தான் பலர் முதலில் கேள்விப்பட்டார்கள். ஆனால் முடிவெடுக்க வைத்தது பக்கத்துக் காட்டுக்காரர். முதலில் கொஞ்ச இடத்தில் விதைத்துப் பார்த்து, பிறகே முழுக் காட்டுக்கும் போனார்கள். சீக்கிரம் ஏற்றவர்கள்தான் சோதித்துப் பார்க்க அதிகக் காலம் எடுத்துக்கொண்டார்கள். 1941க்குள் இருவரைத் தவிர எல்லாரும் மாறியிருந்தார்கள்.

காலமும் கைகொடுத்தது. 1934, 1936 இரண்டு ஆண்டும் கடும் வறட்சி. பக்கத்துக் காட்டில் சாதா ரகம் கருகும்போது ஒட்டு தாக்குப்பிடித்ததை எல்லாரும் பார்த்தார்கள். கதிர் அறுக்கும் இயந்திரம் பரவிய நேரம் அது. இயந்திரத்துக்குச் சாயாத தண்டும் ஒரே உயரத்தில் நிற்கும் கதிரும் வேண்டும், ஒட்டுச் செடி அப்படி நின்றது. 1935இல் ஐயோவா மக்காச்சோளப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட ஒட்டு இல்லை. நான்கே ஆண்டில் அது 90 சதவீதத்தைத் தாண்டியது.

தெற்கே அலபாமாவில் இதே மாற்றம் பத்தாண்டுக்கும் மேல் தாமதமானது. தெற்கத்தி விவசாயி பழமைவாதி என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். பொருளாதார அறிஞர் ஸ்வி கிரிலிக்கஸ் 1957இல் எண்களை எடுத்து வைத்துக் காட்டினார்: ஒட்டு ரகத்தை ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக உருவாக்க வேண்டும், கம்பெனிகள் லாபம் அதிகமுள்ள ஐயோவா போன்ற பகுதிகளுக்கு முதலில் போயின, தெற்குக்குப் பொருந்தும் விதை அங்கே இல்லவே இல்லை. இல்லாத விதையை எப்படி வாங்குவது? பின்தங்கிய விவசாயி என்ற பேச்சை நம் ஊரிலும் கேட்கிறோம், கேட்கும்போதெல்லாம் எனக்கு அலபாமாதான் நினைவுக்கு வருகிறது.

வட கரோலினாவும் நெப்ராஸ்காவும்

இந்த நிகழ்வில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். ஒட்டுச் செடிக்கு வீரியம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு விளக்கங்கள் இருந்தன. முதலாவது ஜோன்ஸ் 1917இல் சொன்னது. ஒவ்வொரு உட்கலப்பு வழியிலும் சில பழுதான மரபணுக்கள் சேர்ந்துவிடுகின்றன. ஒன்றின் பழுதை இன்னொன்றின் நல்ல மரபணு மறைத்துவிடுவதால் கலப்பினம் எழும்புகிறது. இரண்டாவது விளக்கம் ஒரே இடத்தில் இரண்டு வேறுபட்ட மரபணு வடிவங்கள் இருப்பதே வீரியம் என்றது. 1940களில் ஹல் என்ற ஆராய்ச்சியாளர் இதை வலுவாக முன்வைத்தார். வேறுபாடு ஏட்டளவில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் விவசாயியின் விதைக் குதிர் வரை வந்து தொடும் வேறுபாடு இது. முதல் விளக்கம் சரியென்றால், நல்ல மரபணுக்களைப் பொறுமையாக ஒரே ரகத்தில் சேர்த்துக்கொண்டே போகலாம், விதை எடுத்து வைக்கக்கூடிய ரகமே நன்றாக விளையும். இரண்டாவது சரியென்றால் ஒட்டைத் தவிர வேறு வழியே கிடையாது.

வட கரோலினாவில் காம்ஸ்டாக்கும் ராபின்சனும் இதற்கென்றே ஒரு சோதனை வடிவம் அமைத்தார்கள். ஒட்டின் இரண்டாம் தலைமுறைச் செடிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு பெற்றோர் வழிகளோடும் திரும்பக் கலந்து, வாரிசுகளின் மகசூலை ஒப்பிடுவது. முதல் முடிவுகள் இரண்டாவது விளக்கத்துக்குச் சாதகமாக வந்தன. ஒட்டை விட்டால் வழியில்லை என்பதுபோல் தெரிந்தது.

அவர்கள் அதோடு விடவில்லை. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நல்ல மரபணுவும் பழுதான மரபணுவும் சேர்ந்தே கடத்தப்பட்டால், அந்தக் கூட்டம் முழுவதும் ஒரே மரபணுபோல நடித்து நம்மை ஏமாற்றும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அதே செடிக் கூட்டத்தைப் பல தலைமுறைகள் தங்களுக்குள் தாராளமாகக் கலக்க விட்டார்கள். ஒட்டிக்கொண்டிருந்தவை பிரியட்டும் என்று. பிரிந்த பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். 1960களின் நடுவில் வந்த முடிவில் முதலில் தெரிந்த அந்தக் கூடுதல் விளைவு வெகுவாக இறங்கிவிட்டது. ஜோன்ஸின் பழைய விளக்கமே பெரும்பாலும் போதுமானது என்றாகியது.

ஏறக்குறைய அதே காலத்தில் நெப்ராஸ்காவில் சார்லஸ் கார்ட்னர் இன்னொன்று செய்தார். வயலில் நல்ல செடியைப் பொறுக்குவதில் பழைய சிக்கல் ஒன்று உண்டு. வளமான மண்ணில் நிற்கும் சுமாரான செடி, வறண்ட இடத்தில் நிற்கும் உயர்ந்த செடியை விட நன்றாகத் தெரியும். கண் ஏமாறும், எடையும் ஏமாறும். கார்ட்னர் வயலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு செடியையும் அதே கட்டத்துக்குள் நிற்கும் செடிகளோடு மட்டும் ஒப்பிட்டு, கட்டத்துக்குச் சில செடிகள் என்று சிறந்தவற்றை எடுத்தார். இப்படிக் கட்டம் கட்டமாக எடுத்ததால் மண்ணின் வேறுபாடு கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. ஹேஸ் கோல்டன் என்ற சாதா ரகத்தில் இதைச் செய்தபோது மகசூல் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதம் உயர்ந்தது. ஹார்ட்லியின் காலத்தில் பொறுக்கல் முறை பலிக்கவில்லை என்று முடிவு கட்டியது ரகத்தின் குறையால் அல்ல, ஒப்பிட்ட விதத்தின் குறையால் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். இதற்குக் கயிறும் முளைக்குச்சியும் தராசும் பொறுமையும் போதும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம்.

ஆனால் இந்த முடிவுகள் வந்தபோது அமெரிக்க மக்காச்சோளம் அநேகமாக முழுவதும் ஒட்டாகிவிட்டது. விதைத் தொழில், இயந்திரம், உரம், பல்கலைக்கழகப் பாடம் எல்லாம் அதைச் சுற்றி அமைந்துவிட்டன. சான்று வந்துசேர்ந்தது, அதைக் கேட்டு வழியை மாற்றும் நிலையில் யாரும் இல்லை. ஹார்வர்டு மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டினும் பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் ழான்-பியர் பெர்லானும் பிற்பாடு இதைத்தான் கேட்டார்கள்: ஒட்டைத் தேர்ந்தெடுக்க உயிரியல் காரணம் இல்லையென்றால், மிஞ்சுவது விதையைச் சொத்தாக்கும் காரணம்தானே?

அவர்கள் கேட்டதில் பாதி சரி என்பது என் முடிவு. மாற்று வழி இருந்தது, அதைச் சமமாகச் சோதிக்கவில்லை. ஆனால் மறுபாதிக்கும் சான்று இருக்கிறது. பயனியர் கம்பெனியில் வேலை பார்த்த டொனால்ட் டூவிக் 1930கள் முதல் பிற்காலம் வரை வெளிவந்த ஒட்டுகளை ஒரே வயலில் பக்கம் பக்கமாக விதைத்துத் திரும்பத் திரும்ப ஒப்பிட்டார். புதிய ஒட்டு, தனிச் செடி என்ற அளவில் பழையதை விடப் பெரிதாக எதுவும் கூடுதலாக விளைவதில்லை. நெருக்கமாக விதைத்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. 1930களில் ஏக்கருக்குச் சுமார் 12,000 செடி, இப்போது 30,000க்கு மேல். அந்த நெருக்கத்தில் பழைய ரகம் கதிர் பிடிக்காமல் மலடாக நிற்கும், சாய்ந்துவிடும், புதியது தாங்கும். கூடவே இன்னொன்றையும் டூவிக் காட்டினார்: உட்கலப்பு வழிகளின் மகசூலும் ஒட்டுகளின் மகசூலோடு சேர்ந்தே ஏறி வந்திருக்கிறது, கலப்பின வீரியம் மட்டும் அவ்வளவாகக் கூடவில்லை. ஒரு கம்பெனி ஆராய்ச்சியாளரின் வயலிலிருந்து கிடைத்த சான்று, கம்பெனியை விமர்சித்தவர்களின் மரபியல் வாதத்துக்கே வலு சேர்த்தது. அவர் அதை மறைக்காமல் வெளியிட்டார் என்பதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

ஐயோவாவில் ஸ்ப்ரேக் 1930களில் தொடங்கிய, பல வழிகளைக் கலந்து உண்டாக்கிய ஒரு செடிக் கூட்டத்தைச் சுழற்சி சுழற்சியாக மேம்படுத்தி, அதிலிருந்து பிரித்தெடுத்து 1972இல் வெளியிட்ட வழிதான் பி73. உலக மக்காச்சோள வரலாற்றில் மிக அதிகம் பயன்பட்ட வழிகளில் ஒன்று. 2009இல் மக்காச்சோளத்தின் முழு மரபுத்தொடரைப் படித்தபோதும் இதைத்தான் எடுத்தார்கள். பொதுப்பணத்தில், கூட்டத்தை மேம்படுத்தும் முறையில் வந்த வழி அது. தனியார் ஒட்டுகளின் வெற்றிக்குள் அந்தப் பொது உழைப்பு அடங்கியிருக்கிறது.

1970

ஒட்டு விதை உற்பத்தியில் செலவு பிடிக்கும் வேலை, தாய் வரிசையின் ஆண் பூங்கொத்துகளைக் கையால் பறித்துப் போடுவது. கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்கள் பல்லாயிரம் பேர் இந்த வேலைக்குப் போவார்கள். டெக்சாஸில் கண்டுபிடித்த ஒரு ஆண்மலட்டுத் தன்மை இந்தக் கூலிச் செலவை அப்படியே மிச்சமாக்கியது. தாய்ச் செடி தானாகவே மகரந்தம் தராது. டெக்சாஸ் வகை ஒட்டுகளைச் சாதாரண ஒட்டுகளோடு அமெரிக்க வயல்களில் ஒப்பிட்டார்கள், மகசூலில் குறை தெரியவில்லை. 1970இல் நாட்டின் ஒட்டு விதையில் ஏறக்குறைய 85 சதவீதம் இந்த ஒரே தாய்வழியைக் கொண்டிருந்தது.

பிலிப்பைன்ஸில் மெர்காடோவும் லான்டிகனும் 1961லேயே எச்சரித்திருந்தார்கள். டெக்சாஸ் வகைச் செடிகளை இலைக் கருகல் நோய் கடுமையாகத் தாக்குகிறது, பக்கத்தில் உள்ள சாதாரண வகை தப்பிக்கிறது என்று. அது அந்த ஊர் வெப்பமும் ஈரமும் செய்கிற வேலை, நமக்குப் பொருந்தாது என்று அமெரிக்காவில் எடுத்துக்கொண்டார்கள். 1970இல் அந்த நோயின் புதிய இனம் தெற்கிலிருந்து காற்றிலும் மழையிலும் ஏறி வடக்கே மக்காச்சோள வட்டாரம் வரை போனது. நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று, தெற்கில் சில வயல்களில் எதுவுமே மிஞ்சவில்லை. செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள, ஆண்மலட்டைத் தருகிற அதே புரதம்தான் நோய்க்கிருமியின் நஞ்சுக்கும் வாசல் திறக்கிறது என்பது பிறகு தெரிந்தது. மறு ஆண்டுகளில் கையால் பூப்பறிக்கும் வேலை திரும்ப வந்தது.

பிலிப்பைன்ஸிலிருந்து வந்த தரவுக்கும் ஐயோவாவிலிருந்து வந்த தரவுக்கும் ஒரே எடை கிடைக்கவில்லை. அறிவியலில் யார் சொன்னது என்பது கணக்கில் வராது என்பார்கள். இங்கே வந்தது.

நமக்கும் இதற்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. ஜார்ஜியாவில் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வழியைக் கொண்டு 1965இல் லூதியானாவில் (பஞ்சாப்) ஆத்வால் வெளியிட்ட கம்பு ஒட்டு எச்பி 1. அதுவும் அதைத் தொடர்ந்த ஒட்டுகளும் ஒரே தாய்வழி. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அவற்றை அடித்துப் போட்டது.

கிட்டாலே, ஹராரே, இந்தியா

இதே அறிவியல் வேறு சமூகத்தில் வேறு வடிவம் எடுத்ததை ஆப்பிரிக்காவில் பார்க்கலாம். கென்யாவின் கிட்டாலே ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் ஹாரிசன் உட்கலப்பு வழிகளுக்காகக் காத்திருக்கவில்லை. உள்ளூரில் மேம்படுத்திய கிட்டாலே ரகத்தையும் ஈக்வடோர் 573 என்ற தென்னமெரிக்க ரகத்தையும் நேரடியாகக் கலந்தார். 1964இல் வந்த எச்611 இப்படி இரண்டு ரகங்களின் ஒட்டு. விதை உற்பத்தி சுலபம், விலை குறைவு. பெற்றோர் நோஞ்சான் வழிகளாக இல்லாததால், விளைச்சலிலிருந்தே விதை எடுத்து வைத்தாலும் விவசாயிக்குப் பெரிய அடி விழாது. சிறு விவசாயிகள் வேகமாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைய தெற்கு ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், 1960இல் எஸ்ஆர்52 என்ற ஒற்றை ஒட்டு வெளிவந்தது. மிக நீண்ட வயது, நல்ல மழை, நிறைய உரம் கேட்கும் ரகம். நல்ல மண்ணும் மழையும் உள்ள மேட்டு நிலம் வெள்ளையர்களின் பெரிய பண்ணைகளிடம் இருந்தது, ரகமும் அந்த நிலத்துக்கே அளவெடுத்து வந்தது. வறண்ட பகுதிகளுக்கு ஒதுக்கப்பட்ட கருப்பின விவசாயிகளுக்கு உதவியது 1970களில் வந்த ஆர்200, ஆர்201 போன்ற குறுகிய வயது ஒட்டுகள். 1980இல் விடுதலை கிடைத்து, கடனும் கொள்முதல் நிலையங்களும் அவர்களிடம் போன பிறகே அந்த விதையின் பலன் முழுமையாகத் தெரிந்தது.

இந்தியாவில் 1957இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு மக்காச்சோள ஒருங்கிணைந்த திட்டம் தொடங்கியது. 1961இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்று இரட்டை ஒட்டுகள் வந்தன. சோதனை வயலில் நன்றாகவே விளைந்தன. ஆனால் நான்கு வழிகளையும் இரண்டு ஒட்டுகளையும் கலப்படமில்லாமல் தனித்தனியே பராமரித்து, பருவம்தோறும் விதை தருகிற அமைப்பு அன்றைய இந்தியாவில் இல்லை. அமெரிக்கச் சோதனையில் விதைக் கம்பெனி இருப்பது என்பது எழுதப்படாத நிபந்தனை. இங்கே அந்த நிபந்தனை பூர்த்தியாகவில்லை. அதனால் 1967இல் விஜய், கிசான், ஜவாஹர், அம்பர், சோனா, விக்ரம் என்ற ஆறு கலவை ரகங்களை வெளியிட்டார்கள். பல நல்ல மூலங்களைக் கலந்து, விவசாயியே சில பருவங்கள் விதை எடுத்து வைத்துக்கொள்ளும்படியான ரகங்கள். விஜய் நல்ல பெயர் எடுத்தது. நாட்டின் நிலைமையைப் பார்த்து அறிவியல் தன் வழியை மாற்றிக்கொண்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு அது. பிற்பாடு தனியார் விதைத் தொழில் வளர்ந்ததும், கோழித் தீவனத் தேவை ஏறியதும் ஒற்றை ஒட்டுகள் களத்தைப் பிடித்தன, கலவை ரகங்கள் பின்னுக்குப் போயின.

நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் போகிற பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் காடுகளில் இன்று விதைப்பதும் இந்த ஒற்றை ஒட்டுகளைத்தான். மழை பெய்தால் ஒட்டு விதை கொடுத்த காசுக்கு வஞ்சகம் செய்யாது, அதில் சந்தேகமில்லை. மழை பொய்க்கிற ஆண்டில் விதைப் பை, உரம், பூச்சிமருந்து எல்லாவற்றின் கடனும் சேர்ந்து விவசாயியின் தலையில் விழுகிறது. ரகச் சோதனை முடிவுகளில் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்ற பத்தி இருக்கிறது. மழை குறைந்த ஆண்டில், பாதி உரத்தில், செலவு போக எவ்வளவு மிஞ்சியது என்ற பத்தி வேண்டும். எடுத்து வைத்த விதையை மறுபருவம் விதைத்தால் எவ்வளவு வந்தது என்ற பத்தியும் வேண்டும். கார்ட்னர் செய்ததுபோல் கட்டம் பிரித்து, ஒரு கலவை ரகத்தை மானாவாரிக் காட்டிலேயே ஆண்டுதோறும் பொறுக்கி, பத்து ஆண்டு கழித்து ஒட்டின் பக்கத்தில் வைத்து எடை போட வேண்டும். ஒட்டே ஜெயிக்கலாம், ஜெயித்தால் சந்தோஷம். ஆனால் விதையைத் திரும்ப விற்க முடியாத ஒரு ரகத்துக்கு எந்தக் கம்பெனியும் பத்து ஆண்டு செலவழிக்காது. அதைச் செய்யக் கடமைப்பட்டவை நம் வரிப்பணத்தில் நடக்கும் வேளாண் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும்தான்.